எங்கள் நல்ல யூதர்

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் பதினாலு வருடமாகச் செயலாளர். வேறு யாரும் கேட்காத பதவி என்பதால் யாரும் என்னிடமிருந்து பறிக்கவும் இல்லை. கிழமையில் ஐந்து நாள் முதியோர் இல்லத்தில் ஆட்களை எழுப்பி, குளிக்க வார்த்து, மருந்து கொடுப்பேன். ஆறாம் நாள் டென்மார்க்கின் இந்த ரண்டர்ஸ் நகரத்துக் கொம்யூன், அதாவது நகரசபை, எங்களுக்கு இரவல் தந்திருக்கும் கட்டடத்தில் கதவு திறந்து, கதிரை அடுக்கி, கூட்டம் நடந்தால் அதற்குக் குறிப்பும் எழுதுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. களைத்துப்போனேன், அதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் எனக்கென்று இருந்தது ஒரு அரை மணித்தியாலம். நாலு மணிக்கு வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபிறகு கணக்கு வாத்தியாரும் நானும் பள்ளிச் சமையலறையில் இருந்து தேத்தண்ணீர் குடிப்போம். அவர் டேனிஷ்காரர், உயர்பள்ளியில் படிப்பித்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். அவருடைய தாய் கடைசி இரண்டு வருடம் எங்கள் இல்லத்தில் இருந்தார். நான்தான் பார்த்தேன். தாய் இறந்தபிறகு அவர் ஒரு பூங்கொத்தோடு வந்து, உங்களுக்கு நான் என்ன செய்யலாம் என்று கேட்டார். இந்த நாட்டில் அப்படிக் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதுதான் முறை. நான் முறை தெரியாதவள். எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறுதில்லை, சனிக்கிழமை வருவீர்களா என்று கேட்டுவிட்டேன். பதினொரு வருடம் வந்தார்.

டேனிஷில் மரியாதைப் பன்மையெல்லாம் எப்போதோ செத்துவிட்டது. அவர் என்னை நீ என்பார், நானும் அவரை நீ என்பேன். தமிழில் எழுதும்போது அதற்குக் கை வரவில்லை, ஆகையால் இங்கே நாங்கள் நீங்கள் போட்டே பேசிக்கொள்கிறோம்.

அவர் யூதர் என்பதை அவருடைய தாயே எனக்குச் சொல்லியிருந்தார். கோப்பன்ஹேகனுக்கு வெளியே, அதிலும் இந்த யூட்லாந்தில், யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். ஒரு காலத்தில் எங்கள் ஊரில் அவர்கள் நிறையப்பேர் வியாபாரம் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். இப்போது மிஞ்சியிருப்பது கல்லறைகள்தான், அவற்றில் ஒன்று அவருடைய பாட்டனின் தகப்பனுடையது. சில வருடங்களுக்கு முன் யாரோ அந்தக் கற்களின்மேல் நிறம் பூசிவிட்டுப் போனார்கள். அன்று நானும் அவரோடு பார்க்கப் போனேன். அவர் கைக்குட்டையை எடுத்து ஒருதரம் துடைத்துப் பார்த்துவிட்டு, இது இதற்குப் போகாது என்று சொல்லிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் யூதர் என்ற செய்தி பள்ளியை நடத்தும் எங்கள் சங்கத்தின் தலைவருக்குத் தெரியவந்தபோது தலைவரின் கால் நிலத்தில் படவில்லை. எங்கள் ஆட்களில் ஒரு தலைமுறைக்கு யூதர் என்றால் தனி மயக்கம். நாடில்லாமல் அலைந்த இனம் நாடு எடுத்தது, நாங்களும் எடுப்போம் என்று மேடை மேடையாகக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த வருட ஆண்டு விழாவுக்கு அவரைப் பிரதம விருந்தினராக்கி, நாடற்ற இனம் நாடு பெற்ற வரலாறு என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். அவர் மேடையில் ஏறி, தான் இஸ்ரேலுக்கு இரண்டு தரம் போனதாகவும், இரண்டு தரமும் வெயிலில் முதுகுத்தோல் உரிந்ததாகவும், தன் குடும்பம் பல தலைமுறையாக ரண்டர்ஸ்காரர் என்பதால் நாடு எடுப்பது பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாதென்றும் சொன்னார். விரும்பினால் பின்னங்களைப் பற்றிப் பேசலாம் என்றார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. தலைவர் என் காதுக்குள், மனிசனின் அடக்கத்தைப் பாரும் என்றார். நான் அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவரை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை, வேறு எதையோ பார்த்துக் கை தட்டினார்கள் என்பது அப்போதே உறைத்திருக்கவேண்டும்.

பிறகு அந்த ஒக்டோபர் வந்தது. இஸ்ரேலில் வீடு புகுந்து குடும்பம் குடும்பமாகக் கொன்றார்கள், ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு காசாவில் குண்டு விழத் தொடங்கியது, ஓயவேயில்லை. முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை. டென்மார்க் பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கவேண்டுமா, ஆயுதத்துக்கு உதிரிப்பாகம் விற்கலாமா என்று ரொட்டியில் வெண்ணெய் பூசுகிறவர்களெல்லாம் வெளிவிவகார அமைச்சர்களாகிவிட்டார்கள். கடைசியில் எங்கள் மேலாளர் சாப்பாட்டு அறையில் அந்தக் கதையே கூடாதென்று தாள் ஒட்டினார். வீட்டுக்கு வந்தால் என் கணவர் சோபாவில் இருந்தபடி யூடியூப் ஆய்வாளர்களோடு சேர்ந்து போரை நடத்திக்கொண்டிருப்பார். ஓர்ஹுஸில் படிக்கும் மகள் கிழமை தவறாமல் ஊர்வலம் போவாள். அவளோடு வாதாட எனக்கு டேனிஷும் போதாது, பெலனும் போதாது.

கணக்கு வாத்தியார் தொடர்ந்து வந்தார். தபால்பெட்டியில் இருந்த தன் குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டதாக ஒரு சனிக்கிழமை சொன்னார். தேத்தண்ணீருக்குச் சீனி போதும் என்பதுபோலத்தான் சொன்னார். கோப்பன்ஹேகனில் எண்பது கடந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், வெள்ளிக்கிழமை பின்னேரம் தவறாமல் தொலைபேசி எடுப்பார். அண்ணனின் மகள் இஸ்ரேலில் வாழ்கிறாள். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் சண்டைதான், போன கிழமை அவர் முதலில் தொலைபேசியை வைத்தார், இந்தக் கிழமை நான் முதலில் வைத்தேன் என்பார். போரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று நான் கேட்டதில்லை. அவருடைய முழங்கால் நோவைப் பற்றிக் கேட்பேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் அந்தப் போர் எங்கள் சங்கக் கூட்டத்துக்கும் வந்தது. கொண்டுவந்தவள் மூன்று பிள்ளைகளின் தாய், வன்னியிலிருந்து கலியாணம் செய்து வந்தவள், பேக்கரித் தொழிற்சாலையில் விடிய நாலு மணிக்கு வேலை தொடங்குகிறவள். வாயாடி அல்ல. எழுந்து நின்று, மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தக் கணக்கு வாத்தியாரில எனக்கு ஒரு கோவமும் இல்லை அக்கா. என்ரை தம்பியைச் சாகடிச்சது கிபிர். பங்கருக்குள்ள வைச்சே முடிஞ்சுது. அந்தப் பிளேனை ஆர் செய்து வித்தவை எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். இப்ப டிவியில அதே சத்தம் கேக்குது. அவர் ஒருக்கா, இது பிழை எண்டு சொல்லட்டும். சொன்னா நான் பிள்ளையளை அவற்றை வகுப்புக்கு விடுறன்."

கிபிர் என்பது இஸ்ரேல் செய்து இலங்கை விமானப்படைக்கு விற்ற குண்டுவிமானம். அது மேலே வந்தால் பேச்சை விட்டுவிட்டுக் குப்புறப் படுத்துப் பழகியவர்கள் நாங்கள். எனக்கும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பிளேனுக்கும், பின்னங்களைக் கேக் வெட்டிக் காட்டிப் படிப்பிக்கும் மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்கவேண்டும். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். யூதரை மேடையேற்றிய அதே தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீர் அவரோட நல்லாக் கதைப்பீர். டேனிஷில ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும். சோலி முடிஞ்சுது."

தரமாட்டார் என்றால்? என்றேன். அடுத்த கூட்டத்தில் கை உயர்த்திப் பார்ப்போம், பெற்றோர் விரும்பாத ஆளை வைத்திருக்க முடியாதே என்றார்.

அன்று மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஊர்வலம் போகிறவள், சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் டேனிஷில் சீறினாள். நானும் போரை நிறுத்தச் சொல்லித்தான் ஊர்வலம் போகிறேன், அவரிடம் போய்க் கேட்பது வேறு, அம்மா, உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டார்களா என்றாள்.

கேட்டார்கள். வன்னியில் கடைசிச் சண்டை நடந்த அந்த வசந்தத்தில், என் சொந்தங்கள் எந்தக் கூடாரத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் வேலைக்குப் போய்வந்த நாட்களில், கூட வேலை செய்த ஒரு பெண் அன்பாகத்தான் கேட்டாள். குண்டு கட்டிக்கொண்டு வெடிக்கிற ஆட்களோடு நீ இல்லைத்தானே? இல்லை என்று சொன்னேன். சொன்னதும் அவள் என் தோளைத் தட்டி, எனக்குத் தெரியும் என்றாள். நான் கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று அவளுக்குச் சொன்னாலும் விளங்கியிருக்காது. அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளைக் கொண்டுபோனேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

தேத்தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுத் தாளை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றி இரண்டு தரம் வாசித்தார். நாலாக மடித்து என் பக்கம் தள்ளினார். எழுதித் தரமாட்டேன் என்றார். டேனிஷ் பிள்ளைகளுக்கு நாற்பது வருடம் படிப்பித்தேன், ஒருவரும் இப்படி ஒரு தாள் நீட்டவில்லை என்றார். கோபமில்லாத குரல். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு அவரே தொடங்கினார். போர் நிற்கவேண்டும் என்றுதான் தானும் நினைப்பதாகச் சொன்னார். அந்தக் குழந்தைகளின் படங்களைப் பார்த்துவிட்டு இரவில் படுக்க முடியவில்லை, ஒக்டோபரில் செத்தவர்களை நினைத்தாலும் முடியவில்லை. இரண்டு தரம் ஊர்வலத்துக்குப் போயிருக்கிறார். இரண்டாம் தரம் பின்னால் ஒருவன் யூதரைப் பற்றி ஒன்றைக் கத்தினான், சுற்றி நின்ற நல்ல மனிதர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு போகவில்லை. வெட்கமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, எது எப்போது வரும் என்று தெரியவில்லை என்றார்.

"அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். என் வாயால் கேட்டு, என்னோடு சண்டை பிடிக்கிறார். உங்களுக்கும் சொல்கிறேன், உங்களோடு தேத்தண்ணீர் குடிப்பதால். சங்கத்துக்குச் சொல்லவில்லை."

விளங்குகிறது என்று சொன்னேன். விளங்கியும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில், எழுதித் தர விருப்பமில்லையாம் என்று மட்டும் அறிவித்தேன். வன்னிக்காரி தலையைக் குனிந்தாள். அப்ப அவருக்கு அது சரி எண்டுதானே அர்த்தம் என்று பின்னாலிருந்து ஒரு குரல். என் கணவரும் தன் பங்குக்கு, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்றார். வீட்டில் நான் எத்தனை தரம் மௌனமாக இருந்திருக்கிறேன், அதையெல்லாம் சம்மதம் என்றா எடுத்துக்கொண்டார் இந்த மனிதர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் கை உயர்த்தச் சொன்னார். கைகள் ஒவ்வொன்றாக ஏறின. யாருக்கும் அதில் ஆசையில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துத்தான் உயர்த்தினார்கள். இன்னும் இரண்டு கை ஏறினால் பதினொரு வருடம் முடிந்துவிடும். நான் பேனையை வைத்துவிட்டு எழுந்தேன்.

"கையை இறக்குங்கோ. அந்த மனிசன் ஊர்வலத்துக்கே போனவர். போர் நிக்கவேணும் எண்டு என்னட்டை வாயால சொன்னவர். படங்களைப் பாத்து நித்திரையில்லாமல் கிடக்கிறார். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

கைகள் இறங்கின. வன்னிக்காரி அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பவே சொல்லியிருக்கலாமே தங்கச்சி என்றார் தலைவர். எல்லோருக்கும் நிம்மதி. தேத்தண்ணீரும் வடையும் வந்தன. வீடு திரும்பும்போது, அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டு இருக்கத் தெரியாது. படம் அடிக்கவேண்டும். பிறந்தநாள், அரங்கேற்றம், அறுபதாம் கலியாணம், பட்டம், எல்லாவற்றுக்கும் முகநூலில் ஒரு வண்ணப்படம். தலைவரின் மைத்துனர் அதில் வல்லவர். அடுத்த நாள் காலை என் கைபேசி விடாமல் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் எரியும் மெழுகுதிரி, ஒரு பக்கம் வெள்ளைப் புறா, சுற்றிவர ரோசாப்பூ. நடுவில் பரிசளிப்பு விழாவில் எடுத்த கணக்கு வாத்தியாரின் தலை, ஒரு காதை வெட்டி ஒட்டியிருந்தார்கள். மேலே தமிழிலும், வெள்ளைக்காரரும் விளங்கவேண்டும் என்று கீழே டேனிஷிலும்: எங்கள் நல்ல யூதர். அதற்குக் கீழே நான் கூட்டத்தில் சொன்னது முழுவதும், ஊர்வலம், நித்திரை, எல்லாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. ஆனால் பிடித்துக் கொடுத்தவள் நான்.

மத்தியானத்துக்குள் அதை யார் யாரோ பகிர்ந்து, எங்களுக்குச் சம்பந்தமில்லாத டேனிஷ் பக்கங்களுக்குப் போய்விட்டது. அப்படியானால் அவர்களில் நல்லவன் ஒருவனாவது இருக்கிறானா என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்றவர்களை என்ன செய்யலாம் என்று இன்னொருவர். துரோகி என்றும் சிலர். இந்தக் கிழவன் ரண்டர்ஸில் எந்தத் தெரு என்று ஒரு கேள்வி.

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. புகழ்ந்துதானே போட்டோம் தங்கச்சி, ஒரு கெட்ட சொல்லும் இல்லையே என்றார். பத்து நிமிடம் கத்தினேன். அகற்றினார்கள், எங்கள் பக்கத்திலிருந்து மட்டும். பின்னேரம் வாத்தியார் தொலைபேசி எடுத்தார். பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தக் கிழமை அவர் வீட்டுக்குப் போக எனக்கு வாய்க்கவில்லை, வாய்க்க நான் விடவில்லை என்பதுதான் சரி. இரண்டு சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு கிழமை கழித்து வேலை முடிந்து சீருடையோடு போய் மணி அடித்தேன். உள்ளே விட்டார். மேலங்கியைக் கழற்றச் சொல்லவில்லை. உங்களை அனுப்பிவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். அவர் ஜன்னலருகே நின்றார்.

"அனுப்பியிருந்தால் அனுப்பப்பட்ட வாத்தியாராக இருந்திருப்பேன். அதைத் தாங்கியிருப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நான் நல்ல யூதன் என்றால் கெட்ட யூதர் யார்? என் அண்ணனா? பதுங்குகுழிக்குள் இருக்கும் அவர் மகளா? நீங்கள் குளிக்க வார்த்த என் அம்மாவா?"

அவருடைய அம்மா குளிக்க வார்க்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பிடி எனக்கு நினைவுக்கு வந்தது, அழுகையும் வந்தது. அந்த வீட்டில் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அண்ணனுக்கு அந்தப் படத்தை யாரோ அனுப்பிவிட்டார்களாம். தம்பி தன்னோடு வாதாடலாம், ஆனால் தன்னைக் கெட்டவர்களின் பக்கம் விட்டுவிட்டு ரோசாப்பூவுக்கு நடுவில் போய் நின்றுவிட்டான் என்று அண்ணி மூலம் சொல்லியனுப்பினாராம். இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டன. இவர் அழைத்தால் அண்ணி எடுத்து, அண்ணன் படுத்துவிட்டார் என்கிறாராம். எண்பத்தொரு வயது மனிதர், இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றார்.

பள்ளிக்கு இனி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுந்தேன். வாசலில் வைத்து, மே மாதம் சோதனை முடியும்வரை வருவேன், பிள்ளைகள் ஒன்றும் செய்யவில்லையே என்றார்.

சொன்னபடி வந்தார். சங்கத்தில் எல்லோருக்கும் சந்தோசம். பாத்தீரே, மனிசன் கோவிக்கேல்லை, நீர்தான் சும்மா கத்தினீர் என்றார் தலைவர். வன்னிக்காரி பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, டேனிஷில் தக் என்று நன்றி சொன்னார். அவளுடைய மூத்தவன் இப்போது கணக்கில் கெட்டிக்காரன். என் கணவர் வேறொரு போருக்கு மாறிவிட்டார். கூட்டக் குறிப்பில் அந்த விடயம் தீர்ந்தது என்று நானே எழுதினேன், அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்.

நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் வாத்தியார் நேரே மேலங்கி மாட்டும் இடத்துக்குப் போய்விடுவார். முதல் இரண்டு சனிக்கிழமை நான் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். மூன்றாம் சனிக்கிழமை வைக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நடைபாதையில் மறித்து, அண்ணன் தொலைபேசி எடுத்தாரா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். ஒன்பதாம் வகுப்புக்கு இந்தச் சூத்திரத் தாளில் இன்னும் நாலு பிரதி வேண்டும், அடுத்த கிழமைக்கு முன் எடுத்து வைத்தால் போதும் என்றார். பிரதி எடுக்கிற அறை மாடியில் இருக்கிறது. அடுத்த கிழமை வரை வைத்திருக்க மனமில்லை. அப்போதே ஏறிப்போய் நாலு பிரதி எடுத்தேன். நான் இறங்கி வரும்போது அவர் போய்விட்டிருந்தார்.